நாசில் பார்க்கப் போன நாள்

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்த காலத்தில் நானும் என் அக்காவின் கணவரும் சேர்ந்து ஒரு பழைய லாரி எடுத்தோம். அவரை மாமா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஒன்பது வயது பெரியவர். பட்டாளத்தில் நான்கு வருஷம் லாரி ஓட்டிவிட்டு அப்போதுதான் எங்கள் ஊரான இண்டூருக்குத் திரும்பியிருந்தார். நான் அதுவரை ஒரு புளி மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. வண்டி ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் பக்கத்தில் ஓடிய லாரிகள் அநேகமாகப் பெட்ரோல் வண்டிகள். யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடியவை. எங்களுடையது டீசல் எஞ்சின். டீசல் என்ற சொல்லே அப்போது ஊரில் புழங்கவில்லை, குரூடாயில் என்போம். அந்த எஞ்சினைத் தொட்டுப் பார்த்த மெக்கானிக் தருமபுரியில் ஒருவர்கூட இல்லை. மாமாதான் டிரைவர், மாமாதான் மெக்கானிக். வத்தல்மலை அடிவாரத்தில் புளியும் கடுக்காயும் ஏற்றித் தருமபுரி வழியாகப் பொம்மிடி ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்குவோம். தருமபுரிக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயில் யுத்தத்தின்போது நின்றுபோனதால் எங்களுக்கு லோடு குறையவில்லை.

இரண்டாவது வருஷம் வண்டி புகைய ஆரம்பித்தது. ஏற்றம் வந்தால் பின்னால் வருகிறவர்களுக்குச் சாலையே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஒருநாள் காலை மாமா எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற எண்ணெய்க் குழாயை மாற்றி மாற்றி லேசாகத் தளர்த்திப் பார்த்தார். நல்ல சிலிண்டரில் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். கெட்ட சிலிண்டரில் தளர்த்தினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நான்கில் மூன்றில் வித்தியாசம் தெரியவில்லை.

"நாசிலு போயிடுச்சு மாப்ள. எண்ணெய பூ மாதிரி தூவணும். இது மூத்தரம் பேயற மாதிரி ஒழுக்குது" என்றார்.

நாசில் என்பது விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. முனையில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துளைகள். பம்பு தள்ளுகிற எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகத்தான் புகை போலப் பீய்ச்சி எரியும். புதிதாக வேண்டுமென்றால் மதராஸுக்கு எழுதி, அங்கிருந்து சீமைக்கு எழுதி, கப்பலில் வரவேண்டும். எத்தனை மாதம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சேலத்தில் பட்டாளத்துப் பழைய சாமான்களைப் பெட்டி பெட்டியாக எடுத்து விற்கும் ஒரு கடைக்காரர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கழற்றிய நான்கு நாசில்களையும் ஒரு துண்டில் முடிந்துகொண்டு, மாமாவும் நானும் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். நாங்கள் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து கோணியில் கொட்டினார். இருபது நாசிலுக்கு மேல் இருக்கும். அதில் நான்கு புத்தம் புதிது, மெழுகுக் காகிதம்கூடப் பிரிக்காதது.

எனக்கு அந்தப் புதுசின் மேல்தான் கண் போனது. "மாமா, இதையே எடுத்துக்கலாங்க" என்றேன்.

மாமா எங்கள் பழைய நாசிலையும் அந்தப் புதுசையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தார். திருகு மரை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் புதுசின் முனை ஒரு நெல் கனம் நீண்டிருந்தது.

"இத மாட்டுனா பொருந்தும். ஆனா மூக்கு உள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். நெருப்பு பிஸ்டன் தலையில நேரா அடிக்கும். ஆறு மாசத்துல ஓட்ட போட்டுரும்" என்றார்.

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக அவரை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சில் ஒரு மரியாதை வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாமா அஜாக்கிரதையான ஆள் இல்லை. அப்படி ஒரு நெல் கனத்தைப் பார்க்கிற மனிதருக்குத்தான் அது நடந்தது.

பழையவற்றில் எங்கள் வண்டிக்குச் சேருவது ஏழு இருந்தது. அந்த ஏழில் நான்கைப் பொறுக்க வேண்டும். அதற்கென்று கடையின் பின்பக்கம் ஒரு கைப்பம்பை மேசையோடு சேர்த்து முறுக்கி வைத்திருந்தார். நாசிலை அதில் மாட்டி, நீளமான கைப்பிடியை அழுத்தினால் எண்ணெய் பீய்ச்சும். அழுத்தத்தைக் காட்ட ஒரு சின்ன முள் மேலே ஆடும்.

"மெதுவா அமுக்குனா சொட்டுந்தாங்க. பட்டுனு அமுக்கணும். அப்பத்தான் நெசமான தூவல் தெரியும். கைய மட்டும் தள்ளி வெச்சுக்கங்க" என்று சொல்லிக் காட்டிக் கொடுத்தார். பிறகு முன்பக்கம் வேறு யாரோ கூப்பிட அவர் போய்விட்டார்.

நான் கைப்பிடியைப் பிடித்தேன். மாமா நாசிலை மாட்டி, முனைக்கு எதிரே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தார். முதலாவது ஒரு பக்கமாகவே பீய்ச்சியது; ஒதுக்கினோம். இரண்டாவது நன்றாக இருந்தது. மூன்றாவதும் நன்றாக இருந்தது. நான்காவது முனையில் எண்ணெய் முத்து மாதிரி திரண்டு தொங்கியது. ஐந்தாவதைப் போட்டதும் நாங்கள் இருவருமே சிரித்துவிட்டோம். மார்கழிப் பனி மாதிரி ஒரு மென்மையான புகை, காகிதத்தில் ஒரே அளவாகப் பரவி நின்றது. ஆறாவதும் அதே மாதிரி தூவியது. ஏழாவது அடைத்திருந்தது. இரண்டும் மூன்றும் ஐந்தும் ஆறும் போதும். வேலை முடிந்தது.

ஆனால் மாமா ஆறாவதை மறுபடியும் மாட்டினார். "இது நின்னதுக்கப்பறம் ஈரங் கசியுதான்னு பாக்கணும். மெதுவா அமுக்கு" என்று சொல்லி, இடது கை ஆள்காட்டி விரலை முனையிடம் கொண்டுபோனார்.

அவர் மெதுவாக என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் விரல் அங்கே இருந்ததையும் பார்த்தேன். ஆனாலும் கடைக்காரர் சொன்ன அந்தப் 'பட்டுனு' என் கையில் ஊறிப்போயிருந்தது. உடம்பின் பாரத்தையும் சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்தினேன்.

"ஸ்" என்று கையை எடுத்தார்.

"என்னங்க மாமா?"

"ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனுச்சு."

விரலைத் திருப்பிப் பார்த்தோம். ரத்தம் இல்லை. நுனியில் ஊசி குத்தினால் வருகிற அளவுக்கு ஒரு வெளிர்ப் புள்ளி, அதுவும் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. மாமா அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான்கு நாசில்களையும் வாங்கி முடிந்துகொண்டு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவர் இரண்டொரு முறை விரலை உதறினார். மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார். நான் ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் நாசில்களை மாட்டிவிட்டோம். வண்டி ஒரே தடவையில் கிளம்பியது. அந்தச் சத்தம் இல்லை, புகை இல்லை. மாமா வலது கையால் பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். இடது கையை மடக்கி மார்போடு வைத்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள். "உங்க மாமா கைய வந்து பாரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். என்னால் நம்ப முடியவில்லை. விரல் வாழைக்காய் பருமனுக்கு வீங்கி, தோல் விண்ணென்று இழுத்து, நுனி சாம்பல் நிறத்தில் இருந்தது. உள்ளங்கை மேடாகிவிட்டது. மணிக்கட்டு வரைக்கும் ஒரு சிவப்பு. மாமா சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஊர்க் கம்பவுண்டர் வந்து புள்ளியைப் பார்த்துவிட்டு, முள் குத்தியது பழுக்கிறது என்றார், மாவைச் சூடாகக் கிண்டிப் பற்றுப் போட்டுக் கட்டினார். போட்ட கொஞ்ச நேரத்தில் மாமா தானே அதைப் பிய்த்து எறிந்தார். பட்டாளத்தில் இருந்தபோது ஒருநாளும் முனகாத மனிதர் என்று அவர் கூட்டாளிகள் சொல்வார்கள். அவர் முனகினார்.

"சேலத்துக்குப் போலாம். வண்டிய எடு" என்றார் என்னிடம்.

"நானாங்க?"

"வேற யாரு?"

தொப்பூர் கணவாயில் நான் அதுவரை வண்டி ஓட்டியதே இல்லை. மாமா கதவோரம் உட்கார்ந்தார், அக்கா நடுவில் உட்கார்ந்து அவர் கையைத் தன் தோள்மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். கணவாயில் இறங்கும்போது மாமா கண்ணைத் திறக்காமலே, சத்தத்தை மட்டும் கேட்டு, "கியரக் கொற... பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருக்காத... இப்ப விடு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எஞ்சின் அவ்வளவு சுத்தமாக ஓடியது. அந்த நான்கில் ஒன்றுதான் அவரைக் குத்தியது. அவசரத்தில் மாட்டியதில் அது எந்தச் சிலிண்டரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அக்கா கேட்டாள், "நாசிலுன்னா ஊசியா?"

"ஊசி மாதிரிதான்" என்றார் மாமா.

அழுத்தியது நான் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐம்பது வயதுக்காரர். புள்ளியை அவரும் முதலில் தேடித்தான் கண்டுபிடித்தார். கையை அழுத்திப் பார்த்தார், முழங்கை வரை தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. உடனே மயக்கம் கொடுத்து அறுக்க வேண்டும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். அக்காவும் நானும் வராந்தாவில் நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து என்னை மட்டும் கூப்பிட்டார். உள்ளே டாக்டர் ஒரு பீங்கான் தட்டை நீட்டினார். அதில் ரத்தம் தோய்ந்த பஞ்சு இருந்தது.

"மோந்து பாருங்க. இது என்ன வாசனை?"

முகர்ந்தேன். எங்கள் வண்டி. எங்கள் வண்டியின் டாங்கியைத் திறந்தால் என்ன வாசனை வருமோ அதேதான் ஒரு மனிதனின் சதைக்குள்ளிருந்து வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"குரூடாயிலுங்க" என்றேன்.

"எவ்வளவு உள்ள போச்சு?"

"உள்ள போகலீங்க. மேல தெறிச்சுச்சு, அவ்ளோதான்."

"தெறிக்கல. ஊசி இல்லாமலே ஊசி போட்டிருக்குது. விரல் நுனியில நொழஞ்சு எலும்போரமா உள்ளங்கை வரைக்கும் ஓடியிருக்குது. நான் இருபத்தஞ்சு வருஷமா டாக்டர். இப்படி ஒண்ணப் பாத்ததில்ல" என்றார் அவர். அவர் குரலும் எனக்கு ஆறுதலாக இல்லை. தெரியாததைப் பார்த்துத் திகைத்த குரல்தான் அது.

அன்றைக்கு விரலில் இரண்டு கணு போனது. ஐந்தாம் நாள் மீதியும் போனது. உள்ளங்கையை நீளமாகக் கீறி வழித்து எடுத்தார்கள். கை தப்பியதே பெரிது என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள், மாமாவை உள்ளே கொண்டுபோன பிறகு, என்னால் அதற்குமேல் முடியவில்லை. வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, அந்தப் பம்ப அமுக்குனது நாந்தான். அவரு மெதுவான்னாரு. நான் வேகமா அமுக்கிட்டன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"மொத நாளு வூட்டுக்கு வந்ததும் சொல்லிட்டாரு. உன்னக் கேக்கக் கூடாதுன்னும் சொன்னாரு. நீயா எப்ப சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தன்."

அவள் சொன்ன அந்த வார்த்தை, பஞ்சின் வாசனையைவிட அதிகமாக என்னைத் தாக்கியது. ஐந்து நாள் நான் அவளோடு ஒரே தட்டில் போண்டா பிய்த்துத் தின்றிருக்கிறேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போயி அவருக்குக் கஞ்சி சொல்லிட்டு வா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

கஞ்சிக்குப் போனவன் நேராகக் கடைக்காரரிடம் போனேன். சண்டை போட வேண்டும் என்றுதான் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. கையைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னவர் அவர். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. "அது சும்மா எண்ணெயிங்க" என்றார். மறுநாள் அவரே கடையை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டு மாற்றும் நேரம். நர்ஸ் துணியைப் பிரித்தபோது அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கடையில ஒரு ஆளு வேல செஞ்சாருங்க" என்றார். "போன வருசம். நாப்பது வயசு இருக்கும், பொறுப்பான ஆளு. இந்தப் பம்புலதான் நாசிலு பாப்பாரு. ஒருநா உள்ளங்கையில சுருக்குனுச்சுன்னாரு. போயி சாப்புட்டு வாங்கன்னு நாந்தான் அனுப்புனன். ஊருக்குப் போனவரு திரும்பி வரவேயில்ல. வேல புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டு வேற ஆளப் போட்டுட்டன்."

மாமா படுக்கையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஊரு எதுங்க?" என்று மாமா கேட்டார்.

"ஓமலூருக்கு அந்தாண்ட."

"போயிப் பாருங்க."

மறுநாள் காலை போய்விட்டு மாலையில் கடைக்காரர் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. அந்த ஆள் உயிரோடுதான் இருந்தார். இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. செய்வினை என்று வீட்டில் நினைத்து, கோயில் கோயிலாகப் போய்விட்டுக் கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அந்தக் கைக்கும் நாசிலுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாராம். சொன்னதும் அவர் மனைவி, "அப்ப யாரும் வெக்கலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாளாம். அவர்கள் ஒரு வருஷமாக ஒரு பங்காளி வீட்டோடு அதற்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

"நான் என்னங்க சொல்லுவன்" என்றார் கடைக்காரர். அதை எங்களிடம் கேட்டாரா, அங்கே சொன்னதைச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு அந்தக் கைப்பம்புக்கு முன்னால் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெட்டியைச் செய்து மாட்டினார். நான் போனபோது பார்த்தேன். அந்த ஆளையும் கடைக்கே கூட்டிவந்து கல்லாப் பக்கம் உட்கார வைத்திருந்தார். பம்பு இருந்த பின்கட்டுக்கு மட்டும் அவர் போகவே மாட்டார்.

மாமாவை ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நடுவிரலும் மடங்காமல் விறைத்துப்போயிருந்தது. வண்டியை நான்தான் ஓட்டினேன். எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் அந்தப் பஞ்சின் வாசனைதான் ஞாபகம் வந்தது. ஒருநாள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய், அந்த நான்கையும் கழற்றப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"எதுக்கு?"

"அதுல ஒண்ணு..."

"அதுல ஒண்ணுங் குத்தமில்ல. தேடிப் புடிச்சு எடுத்தது. நல்லா ஓடுதில்ல? தொடாத" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் அதைக் கேட்க முடியவில்லை.

நான்கு மாதம் கழித்து, தருமபுரியில் லோடு ஏற்றி நின்றபோது, மாமா டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்காமல் சுற்றிப்போய் மறுபக்கம் ஏறினேன். கியர்க் கம்பியை அவரால் விரலால் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கையின் குதியால் தள்ளினார். முதல் கியர் விழுந்தது. இரண்டாவதுக்கு மாற்றும்போது கியர்ப் பல் கடித்து வண்டி அதிர்ந்தது. என் கை தானாக முன்னே போனது.

"கைய எடு" என்றார்.

எடுத்துக்கொண்டேன். மறுபடியும் கிளட்சை மிதித்து, குதியால் ஓங்கித் தள்ளினார். இந்தத் தடவை விழுந்தது. பொம்மிடி வரைக்கும் அவரே ஓட்டினார். ஸ்டேஷனில் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது, பானெட் மேல் சாய்ந்து நின்று, பீடி பிடிக்க, வாயால் தீப்பெட்டியைத் திறக்கப் பார்த்தார். முடியாமல் என்னிடம் நீட்டினார். நான் பற்றவைத்துக் கொடுத்தேன்.